கால் சுற்று

கண்ணாடிக் கடையில் முதலாளியைத் தவிர எல்லோரும் அவளை லென்ஸ் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். கடையின் முன்பக்கம் பளிச்சென்ற அலமாரிகளும் ஆளுயர நிலைக்கண்ணாடியும் இருக்கும். திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போனால் லென்ஸ் தேய்க்கும் அறை. ஒரு குழல்விளக்கு, எப்போதும் ஈரமாக இருக்கும் ஒரு மேஜை, ஒரு முக்காலி. இருபத்திரண்டு வருடங்களாக அந்த முக்காலி அவளுடையது. வட்டமாக வரும் லென்ஸைப் பிரேமின் வடிவத்துக்குத் தேய்த்து, அதன் உள்விளிம்பில் ஓடும் காடிக்குள் உட்காரவைப்பது அவள் வேலை. முடியளவு கூடினால் பிரேம் விரிசல் விடும். முடியளவு குறைந்தால் லென்ஸ் லொடலொடக்கும்.

வேலையில் அவளுக்கு ஒரே ஒரு குறைதான்.

"மனுஷ முகம் ஒவ்வொண்ணும் ஒரு தினுசு. பிரேம் மட்டும் மூணே சைசு. செருப்புக்கு இருக்கிற மரியாதைகூட மூக்குக்கு இல்ல" என்பாள். கவுன்ட்டரில் இருக்கும் பெண் சிரிப்பாள். முதலாளி கேட்டும் கேட்காததுமாக இருப்பார்.

அவள் கணவர் ஒரு பம்பு தொழிற்சாலையில் பராமரிப்புப் பிரிவுக்கு ஃபோர்மேன். தெருவிலும் அவர் ஃபோர்மேன்தான். சொந்தக்காரர்கள் வீட்டில் எந்த மோட்டார் நின்றாலும் எந்தக் குழாய் ஒழுகினாலும் முதலில் அவருக்குத்தான் போன் வரும். போவார், பார்ப்பார், இரண்டு வார்த்தை திட்டிவிட்டுச் சரிசெய்வார். வெளியில் அப்படி. வீட்டில் பேச்சு குறைவு. காலை ஷிப்ட் முடிந்து நாலு மணிக்கு வந்தால் செய்தித்தாள், அப்புறம் டி.வி. அவள் ஏழரைக்கு வருவாள். மகள் இருந்தவரை மூன்று பேருக்கும் சேர்த்து மகளே பேசிக்கொண்டிருந்தாள். மகளுக்குக் கல்யாணமாகி அவள் வேறு ஊருக்குப் போனபிறகு, சாப்பாட்டு மேஜையில் தட்டு வைக்கிற சத்தம்தான் மிச்சம்.

காலியாக இருந்த மகளின் அறையில்தான் அவள் அந்த இயந்திரத்தைக் கட்ட ஆரம்பித்தாள்.

வீட்டிலேயே சி.என்.சி. இயந்திரம் கட்டுகிறவர்களின் வீடியோக்களை அவள் வருடக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருந்தாள். கம்ப்யூட்டரில் வரைந்த கோட்டின் மேல், சுழலும் ஒரு சின்னக் கத்தி பிசகாமல் நடந்து போகும். அடியில் இருக்கும் பலகை வரைந்த வடிவத்தில் வெட்டுப்பட்டு வரும். அப்படி ஒன்று இருந்தால் அசிடேட் என்கிற பிளாஸ்டிக் ஷீட்டை வைத்து எந்த முகத்துக்கும் தனியாகப் பிரேம் வெட்டலாம் என்பது அவள் எண்ணம்.

கணவர் முதலில் சிரித்தார். "உனக்கு எதுக்கும்மா இந்த வேண்டாத வேலை? ஒரு பிரேம்தான வேணும்? சொல்லு, நானே அரத்தைப் போட்டு ராவித் தர்றேன்."

"ஒண்ணு இல்லீங்க. ஊருல எத்தனை மூக்கு இருக்கோ அத்தனை."

"அப்ப நீ ஃபேக்டரிதான் வைக்கணும்" என்றார். ஆனால் தடுக்கவில்லை.

பழைய சாமான் கடையில் தண்டவாளம் போன்ற இரண்டு ஜோடி எஃகுப் பாதைகள் கிடைத்தன. அலுமினியச் சட்டங்களை அறுத்து வாங்கினாள். மோட்டார்களும் சுருள் வெட்டிய திருகுத் தண்டுகளும் பார்சலில் ஒவ்வொன்றாக வந்தன. முதல் வருடம் முழுக்க எல்லாவற்றுக்கும் அவரைத்தான் கேட்டாள்.

"என்னங்க, ஆறு எம்.எம். போல்ட்டுக்கு மரை போடணும்னா எத்தனையில ஓட்டை போடறது?"

"அஞ்சு." செய்தித்தாள் இறங்காது.

"அலுமினியத்துக்கு எந்த எண்ணெய் விடறது?"

"மண்ணெண்ணெய் போதும்."

அவ்வளவுதான் பேச்சு. இருந்தாலும் கேட்டாள், அவரும் சொன்னார். இரண்டாவது வருடத்தில் கேள்விகள் குறைந்தன. போல்ட்டின் அளவைப் பார்த்ததும் ஓட்டையின் அளவு அவளுக்கே வாயில் வந்தது. சட்டம் சதுரமாக நிற்கிறதா என்று மூலைக்கு மூலை அளந்து, மெல்லிய தகடு செருகி, நான்கு ஞாயிற்றுக்கிழமைகளில் அவளே சரிக்கட்டினாள். அவரைக் கூப்பிடவில்லை. கூப்பிடக் கூடாது என்றில்லை. தேவைப்படவில்லை, அவ்வளவுதான்.

இயந்திரம் ஓடிய அன்று மகளுக்கு வீடியோ போன் போட்டுக் காட்டினாள். முதல் பிரேம் அவளுக்கே. இரண்டாவது முதலாளிக்கு. லென்ஸ் 'டக்'கென்று உட்கார்ந்தது. முதலாளி அதைக் கழற்றிக் கழற்றிப் பார்த்தார். "இதை நம்ம கடையிலயே செய்யலாமா அக்கா?" என்றார். அதற்கு முன்னால் அவர் அவளை அக்கா என்று கூப்பிட்டதில்லை.

அந்த மாதம் தொழிற்சாலையிலிருந்து இரண்டு பேர் வீட்டுக்கு வந்திருந்தார்கள். அதில் ஸ்டோர் கீப்பர் வாய்த்துடுக்கு உள்ளவர். இயந்திரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். ஒரு மூலைமட்டத்தை எடுத்து வைத்துப் பார்த்தார். மட்டத்துக்கும் சட்டத்துக்கும் நடுவில் வெளிச்சம்கூடப் புகவில்லை.

"அண்ணி, இது அண்ணன் பிடிச்ச மட்டம்தான?"

"இல்லீங்க, நானேதான் பிடிச்சேன்."

ஸ்டோர் கீப்பர் கையைத் தட்டினார். "ஃபோர்மேன், நாளையிலேர்ந்து நீங்க லீவு போட்டுடுங்க. அண்ணிய வேலைக்குக் கூட்டிட்டுப் போறோம்!"

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். அப்புறம், தண்ணீர் கொண்டுவருகிறேன் என்று எழுந்து உள்ளே போனார். வந்தவர்கள் கிளம்பும்வரை அவர் அந்த அறைக்குள் திரும்பி வரவில்லை. அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கத்தி எவ்வளவு வேகத்தில் சுற்றினால் வெட்டு பளபளப்பாக வரும் என்று விளக்குவதில் மும்முரமாக இருந்தாள்.

டிரைவர் கடைக்கு வந்தது அடுத்த வாரம்.

டவுன் பஸ் ஓட்டுகிறவர், ஐம்பது வயது. கன்னத்தில் வந்த கட்டியை அறுத்தெடுத்ததில் மூக்கின் இடப்பக்கம் உள்வாங்கியிருந்தது. ஒரு காது மற்றதைவிடச் சற்றுக் கீழே. எந்தப் பிரேமைப் போட்டாலும் இடதுபக்கமாகச் சரிந்து மூக்கின் நுனிக்கு வந்துவிடும். இரண்டு பக்கமும் ஓட்டை போட்டு, நூலால் தலைக்குப் பின்னால் கட்டியிருந்தார்.

"ரோட்டப் பாக்கும்போது பரவால்ல தங்கச்சி. கீழ மீட்டரப் பாத்துட்டு நிமிர்ந்தா வழுக்கிடுது. ஒரு கையால கண்ணாடி, ஒரு கையால ஸ்டீயரிங். பின்னாடி அறுபது பேரு. கண் டெஸ்டுக்கு வேற கூப்பிட்டிருக்காங்க, மூணு மாசம் டைம். நூலைக் கட்டிக்கிட்டுப் போனா உள்ளயே விடமாட்டாங்க."

"உங்களுக்கு நான் செய்து தர்றேண்ணா" என்றாள் அவள். "ஒரு வாரம் குடுங்க."

வீட்டுக்கு வரச்சொல்லி, கூடத்து நாற்காலியில் உட்காரவைத்து அளவெடுத்தாள். மூக்கின் சரிவுக்கு மெழுகில் அச்சு எடுத்தாள். ஃபோர்மேன் அவருக்கு டீ போட்டுக் கொடுத்து, பஸ் இன்ஜினைப் பற்றி விசாரித்துக்கொண்டிருந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வெட்டிய பிரேமில் லென்ஸ் நிற்கவில்லை. அழுத்தினால் உட்கார்ந்தது, விட்டால் தெறித்தது. சோதனைக்காக ஒரு வட்டம் வெட்டி அளந்தாள். குறுக்கே நாற்பது. நெடுக்கே நாற்பதுக்குக் கால் மில்லிமீட்டர் குறைவு. வட்டம் முட்டையாக வந்திருந்தது.

அவளால் நம்ப முடியவில்லை. இன்னொன்று வெட்டினாள். அதே கால் மில்லிமீட்டர். ரொம்ப நாளைக்கு அப்புறம் கூடத்தைப் பார்த்துக் கூப்பிட்டாள்.

"என்னங்க, கொஞ்சம் வந்து பாருங்களேன்."

செய்தித்தாளை மடித்துவிட்டு உடனே வந்தார். மேஜையைக் கையால் முன்னும் பின்னும் தள்ளினார். அசைவை அளக்க வைத்திருந்த டயல் கேஜின் முள் துள்ளியது. திருகுத் தண்டின் பின்முனையில், அதை நீளவாக்கில் அசையாமல் பிடித்திருக்கும் ஜோடி நட்டுகளைத் தொட்டுக் காட்டினார். ஒன்றுக்கு ஒன்று பூட்டுபோல இறுக்கிய வட்ட நட்டுகள், நாலு பக்கமும் ஒரேமாதிரி காடி வெட்டியவை.

"இங்கதான் ஆடுது. பேரிங் தேயுதும்மா. தேய்ஞ்சா இடைவெளி விழும்."

நட்டுகளை இறுக்கியதும் ஆட்டம் போய்விட்டது. ஆனால் அவள் அடுத்தமுறை ஷீட்டை வைத்து வெட்டியபோது மறுபடியும் முட்டை. பேரிங்கை மாற்றினார்கள். பத்து நாள் கழித்துத் திரும்ப வந்தது. பேரிங் உட்காரும் கட்டையை மாற்றினார்கள். அதற்கப்புறம் திருகுத் தண்டையே புதிதாக வரவழைத்தார்கள். ஒவ்வொரு முறையும் கொஞ்ச நாள் ஒழுங்காக இருக்கும். அவள் வேறொரு வேலையில் மாட்டிக்கொண்டு, கடைசியில் டிரைவரின் பிரேமை வெட்ட உட்காரும்போது அந்தக் கால் மில்லிமீட்டர் வந்து நிற்கும். ஷீட்டுகள் பதினொன்று வீணாயின.

உண்மையைச் சொன்னால், அந்த மாதங்களில் அவள் சந்தோஷமாக இருந்தாள். அது அவளுக்கே வெட்கமாக இருந்தது.

அவர் மாறிப்போயிருந்தார். அவள் ஏழரைக்கு வரும்போது டீ தயாராக இருக்கும். "வா, இன்னிக்கு அந்த கப்ளிங்கைக் கழட்டிப் பாத்துடுவோம்" என்பார். அந்த அறைக்கென்று தனக்கும் ஒரு ஸ்டூல் வாங்கிப் போட்டுக்கொண்டார். அவள் கைப்பிடியைச் சுற்ற, அவர் கேஜைப் பார்ப்பார். இருவர் தலையும் முட்டிக்கொள்கிற நெருக்கம். பயிற்சிக் காலத்தில் பம்பு ஒன்றைத் தன் கால் விரலிலேயே போட்டுக்கொண்டு, மேஸ்திரிக்குப் பயந்து நாள் முழுக்கச் சிரித்த முகமாக நொண்டியதைச் சொன்னார். அவளுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்தது. கல்யாணமாகி இருபத்து நாலு வருடத்தில் அந்தக் கதையை அவர் சொன்னதே இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க மழை. மொத்த இயந்திரத்தையும் பிரித்துப் பழைய போர்வையில் பரப்பியிருந்தார்கள். மதியம் இரண்டு மணியாகிவிட்டது. அவர் கை முழுக்க கிரீஸ். அவள் தட்டைக் கொண்டுவந்து தரையில் உட்கார்ந்து அவருக்கு ஊட்டிவிட்டாள். கல்யாணமான புதிதில்கூட அது நடந்ததில்லை.

"என்னக்கா, மூஞ்சில ஒரு களை தெரியுது?" என்றாள் கவுன்ட்டர் பெண்.

"வீட்டுல மெஷின் ரிப்பேர்."

"ரிப்பேர்னா தலையில கை வெச்சு உக்காருவாங்க. நீங்க பாட்டுப் பாடிட்டுத் தேய்க்கிறீங்க."

டிரைவர் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வீட்டுக்கு வந்து போனார். ஒவ்வொரு தடவையும் அவளுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியாது. ஃபோர்மேன்தான் சமாளிப்பார். "கண்டுபிடிச்சாச்சு சார், இன்னும் ஒரே வாரம். இவ விடமாட்டா" என்பார். டிரைவர் நூலைச் சரிசெய்துகொண்டு தலையாட்டுவார். அவர் வாயிலிருந்து கடுமையாக ஒரு சொல் வரவில்லை. மூன்று மாதக் கெடு முடிந்தது. கண் டெஸ்டுக்குப் போய்விட்டு வந்து, போனில் சொன்னார்: "குனிஞ்சு நிமிரச் சொன்னாங்க தங்கச்சி. விழுந்துடுச்சு."

வண்டியிலிருந்து இறக்கி அவரை டிப்போ கேட்டில் உட்காரவைத்தார்கள். அன்று அவள் சாப்பிடவில்லை. "நீ என்ன பண்ணுவ? மெஷின்னா அப்படித்தான்" என்று கணவர் அவள் முதுகைத் தடவிக் கொடுத்தார்.

நாலாவது மாதம் ஒரு சனிக்கிழமை, அவள் நட்டுகளைத் தன் கையாலேயே இறுக்கினாள். எத்தனை முறை வெட்டினால் எவ்வளவு தளர்கிறது என்று தெரிந்தால் காரணம் பிடிபடலாம் என்று நினைத்தாள். கடையில் லென்ஸில் குறியிட வைர முனைப் பேனா ஒன்று உண்டு. அதைக் கொண்டுவந்து இரண்டு நட்டுகளின் மேலும் அடிக்கட்டையின் மேலும் நேராக ஒரு கோடு கீறினாள். முடியைவிட மெல்லியது, பூதக்கண்ணாடி வைத்தால்தான் தெரியும். மனதில் வேறு எதுவும் இல்லை.

அன்றே மோட்டார்களுக்குக் கட்டளை கொடுக்கும் கன்ட்ரோல் பெட்டியையும் கழற்றி, விசிறி சத்தம் போடுகிறது என்று ரிப்பேர் கடையில் விட்டாள். மறுநாள் காலையில் மகளிடமிருந்து போன். பிரசவ வலி, இரண்டு வாரம் முந்தி. அவள் கட்டிய துணியோடு கிளம்பினாள். பேத்தி பிறந்தாள். அவர் ஒருமுறை வந்து குழந்தையைப் பார்த்துவிட்டு, லீவு இல்லை என்று திரும்பிவிட்டார்.

பதினைந்து நாள் கழித்து அவள் வீட்டுக்கு வந்தாள். அவர் இன்னும் ஷிப்டிலிருந்து வரவில்லை. வரும் வழியில் ரிப்பேர் கடையிலிருந்து வாங்கிய கன்ட்ரோல் பெட்டியை, அது இருக்கும் இடமான மேஜையின் அடியில் குனிந்து வைத்தாள். நிமிரும்போது கோட்டின் நினைவு வந்தது. பூதக்கண்ணாடியை எடுத்துப் பார்த்தாள்.

கட்டையில் கோடு இருந்தது. நட்டுகளில் அதற்கு நேராக ஒன்றும் இல்லை. தேடினாள். இரண்டு நட்டுகளிலும் கோடு பக்கவாட்டில் போயிருந்தது, சரியாகக் கால் சுற்று. கால் சுற்று திருகினால் ஒரு காடியின் இடத்தில் அடுத்த காடி வந்து நிற்கும். சும்மா பார்க்கிறவர்களுக்கு நட்டு அசைந்ததே தெரியாது. நட்டு ஒரு முழுச் சுற்றுக்கு ஒரு மில்லிமீட்டர் நகரும். கால் சுற்றுக்குக் கால் மில்லிமீட்டர்.

அவள் தரையில் உட்கார்ந்தாள். இயந்திரத்தின் மூளை பதினைந்து நாளாக ரிப்பேர் கடையில் இருந்தது. ஓடவில்லை, அதிரவில்லை, தேயவில்லை. தெருவில் லாரி போகிற அதிர்வாக இருக்கலாம் என்று யோசித்துப் பார்த்தாள். வெயிலாக இருக்கலாம் என்று யோசித்தாள். தான் கோடு போட்டதே பிசகாக இருக்கலாம் என்றுகூட யோசித்தாள். அவள் கை முடியளவை அறிந்த கை. அந்தச் சாக்கு அவளிடமே எடுபடவில்லை.

ஆனாலும் யாரிடமும் எதுவும் சொல்லாமல், நட்டுகளை மறுபடி இறுக்கிக் கோட்டுக்குக் கோடு நேராக நிறுத்தினாள். இயந்திரத்தை ஓட்டவில்லை. மறுநாள் கடைக்குப் போய்விட்டு வந்து பார்த்தாள், அப்படியே இருந்தது. மனம் இறங்கியது. அதற்கு அடுத்த நாளும் அப்படியே. அன்று சாப்பிடும்போது, "வெள்ளிக்கிழமை லீவு போட்டு டிரைவரண்ணன் பிரேமை வெட்டிடலாம்னு இருக்கேன்" என்று அவரிடம் சொன்னாள். வேண்டுமென்றேதான் சொன்னாள். சொல்லும்போதே, இது பொய்த்துப்போக வேண்டும் என்று ஆசைப்பட்டாள்.

வியாழக்கிழமை மாலை வந்து பார்த்தபோது கோடு கால் சுற்று விலகியிருந்தது.

அவர் டீயோடு வந்து தன் ஸ்டூலில் உட்கார்ந்தார். மேஜையைத் தள்ளிப் பார்த்து உச்சுக்கொட்டினார்.

"மறுபடியும் ஆடுதே. இந்தக் கம்பெனி பேரிங்கே சரியில்லம்மா. வேற வாங்கணும்."

அவள் பூதக்கண்ணாடியை நீட்டினாள். "அந்த நட்டுல ஒரு கோடு இருக்கும். பாருங்க."

அவர் குனிந்தார். கட்டையைப் பார்த்தார், நட்டைப் பார்த்தார். முப்பது வருட ஃபோர்மேனுக்கு அதை யாரும் விளக்க வேண்டியதில்லை. குனிந்தவர் நிமிர வெகுநேரம் ஆயிற்று.

"எப்பப் போட்ட?"

"ஊருக்குப் போறதுக்கு முன்னாடி. நான் இல்லாத பதினஞ்சு நாளும் பெட்டி இங்க இல்லீங்க. ரிப்பேர்ல இருந்துச்சு. அப்பவும் கால் சுத்து. இப்பவும் கால் சுத்து."

"வீட்டுக்குள்ளயே போலீஸ் வேலை பாக்கிறியா?" என்றார். குரல் உயர்ந்தது. "கட்டின புருஷனுக்கு வலை விரிக்கிறியா?"

"முதல் கோடு வலையில்ல. எந்த பேரிங் தேயுதுன்னு பாக்கத்தான் போட்டேன்."

அவர் எழுந்தார். வாசல்வரை போனார். வெளியே போகவில்லை, நிலைக்கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஸ்டோர்ல இன்னிக்கும் அதச் சொல்லித்தான் கூப்பிடறானுங்க. 'அண்ணி வரலையா ஃபோர்மேன்'னு. ஒரு நட்டு இறுகலன்னா போதும், 'அண்ணிக்கு போன் போடு'ங்கறானுங்க."

"அதுக்காகவா?"

"அதுக்காக இல்ல." தன் ஸ்டூலைத் திரும்பிப் பார்த்தார். "முதல்ல அதுக்காகத்தான். ஒரே ஒரு தடவை, உன் கொம்பைக் கொஞ்சம் இறக்கலாம்னு பண்ணேன். அன்னிக்கு நீ கூப்பிட்ட பாரு, 'என்னங்க, வந்து பாருங்களேன்'னு... எத்தனை நாளாச்சு நீ என்னை அப்படிக் கூப்பிட்டு?"

"கூப்பிட்டப்பல்லாம் பேப்பர்லேர்ந்து தலையைத் தூக்கினீங்களா நீங்க?"

"அதுக்கப்புறம் நீ வந்து உக்காருவ, பேசுவ, சிரிப்ப. சரியாயிடுச்சுன்னா திரும்ப நீ பாட்டுக்குக் கதவைச் சாத்திக்குவ. நான் அங்க டி.வி.யோட கிடப்பேன். நீ ஊர்லேர்ந்து வர்றதுக்கு முந்தின நாள்... வந்ததும் ஒண்ணா உக்காந்து பாக்கலாமேன்னுதான்."

வீட்டுக்கு வருகிறவளுக்காக வீட்டைப் பெருக்கி வைக்கிற மாதிரி அதைச் சொன்னார்.

"அந்த மனுஷன் மூணு மாசமா வந்து இதே கூடத்துல உக்காந்திருந்தார். நீங்கதான டீ குடுத்தீங்க? நீங்கதான ஒரு வாரம், ஒரு வாரம்னு சொன்னீங்க? அவர் முகத்தைப் பாத்துட்டுத் திரும்பி வந்து எப்படிங்க அந்த ஸ்பானரைக் கையில எடுத்தீங்க?"

அவர் நிலைக்கட்டையை நகத்தால் சுரண்டினார்.

"சொல்லுங்க."

"அவர் டெஸ்ட்டுக்கு முன்னாடி விட்டுடலாம்னுதான் நினைச்சேன்" என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு. "தள்ளித் தள்ளிப் போயிடுச்சு."

அவள் அழவில்லை. நட்டுகளை இறுக்கினாள். டீ ஆறிக்கொண்டிருந்தது. அவர் நிற்க நிற்க, கேஜை வைத்துத் தள்ளிப் பார்த்தாள். முள் அசையவில்லை. "நீங்க போய் டி.வி. பாருங்க" என்றாள்.

மறுநாள் டிரைவரின் பிரேமை வெட்டினாள். முதல் வெட்டிலேயே வந்தது. அதைத் தேய்த்து மெருகேற்றி, லென்ஸைப் பொருத்தி, சனிக்கிழமை மதியம் பஸ் பிடித்து டிப்போவுக்குப் போனாள். கேட்டுக்குப் பக்கத்தில் தகரக் கூண்டு. உள்ளே அவர் வெளியே போகிற வண்டிகளின் நம்பரை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். காக்கிச் சட்டைதான் போட்டிருந்தார்.

நூலை அவிழ்த்துவிட்டுப் புதுக் கண்ணாடியைப் போட்டார். குனிந்தார், நிமிர்ந்தார். தலையை வலதும் இடதும் வேகமாகத் திருப்பினார், பஸ்ஸின் பக்கக் கண்ணாடிகளில் பின்னால் வருகிற வண்டியைப் பார்ப்பதுபோல.

"நிக்குதே தங்கச்சி! அசையவே மாட்டேங்குதே!"

"திரும்ப டெஸ்ட்டுக்குக் கேளுங்கண்ணா."

"கேட்டேன். ஒரு தடவை இறக்கினா இறக்கினதுதானாம். என் ரூட்டுல ஆள் போட்டாச்சு." கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். "நீ ஏன் மூஞ்சியத் தொங்கப்போடற? எனக்கோசரம் நீ எவ்வளவு பாடுபட்ட, நான்தான் பாத்தேனே. உன் வீட்டுக்காரரும் பாவம், கூடவே உக்காந்தார். என்னதான் கோளாறு அந்த மெஷின்ல?"

அவள் வாயைத் திறந்தாள். ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு கேட்டைத் தாண்டியது. அவர் நம்பரை எழுதி முடிக்கும்வரை காத்திருந்தாள்.

"பேரிங்ணா" என்றாள்.

அந்தப் பொய்யைத் தான் சொல்லவேண்டி வந்ததுதான் அவளால் தாங்க முடியாததாக இருந்தது. திரும்பும்போது பஸ்ஸில், ஜன்னலோரம் உட்கார்ந்து, டிரைவரின் இடத்தில் இருந்த இளைஞனின் பின்மண்டையையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

மாதக் கடைசியில் இயந்திரத்தைக் கடையின் பின்னறைக்கு மாற்றினாள். முதலாளி இடம் ஒதுக்கித் தந்தார். சுமை ஏற்ற ஆட்கள் வந்தபோது ஃபோர்மேன் அவளிடம் எதுவும் கேட்காமல் கயிற்றை எடுத்தார். எங்கே பிடித்தால் சட்டம் வளையாது, எதற்கு அடியில் மெத்தை வைக்க வேண்டும் என்று ஆட்களுக்குச் சொல்லி, வண்டியில் தானே கட்டினார். கட்டு அவ்வளவு சுத்தமாக இருந்தது. இயந்திரம் ஒரு கோடு பிசகாமல் போய்ச் சேர்ந்தது.

"அங்க ஏதாவது ஆச்சுன்னா யாரு பாப்பாங்க?" என்று கேட்டார்.

"நான் பாத்துக்குவேன்."

பிரேம்கள் நன்றாகப் போயின. காது ஒட்டியவர்கள், முகம் அகன்றவர்கள், விபத்தில் மூக்கு உடைந்தவர்கள் என்று தூரத்திலிருந்தெல்லாம் வந்தார்கள். வீட்டில் சண்டை இல்லை. பேத்தியின் படம் போனில் வந்தால் ஒருவருக்கு ஒருவர் காட்டிக்கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமைகளிலும் அவள் கடைக்குப் போனாள்.

மழைக்காலத்தில் இயந்திரத்தில் உண்மையாகவே ஒரு கோளாறு வந்தது. வெட்டிக்கொண்டிருக்கும்போதே நடுவில் ஒரு முறை துள்ளி நின்றுவிடும். பத்து நிமிடம் கழித்துத் தானாக ஓடும். அவள் எல்லாவற்றையும் பார்த்தாள். மூன்று வாரம் போராடினாள். அவர் ஒரு தரம் வந்து நின்று அதன் சத்தத்தைக் கேட்டால் போதும், பிடித்துவிடுவார் என்று அவளுக்குத் தெரியும். இரண்டு முறை போனைக்கூடக் கையில் எடுத்தாள். அவர் "இதுதான்" என்று ஒன்றைச் சொன்னால், அது அதுதானா என்று பார்க்க இன்னொரு கோடு கீற வேண்டியிருக்கும். போனைக் கீழே வைத்தாள்.

"ஓடுதா?" என்று அவர் எப்போதாவது கேட்பார்.

"ஓடுது" என்பாள்.

மூன்றாவது வாரக் கடைசியில் கண்டுபிடித்துவிட்டாள். மோட்டாருக்குப் போகும் ஒயர், மேல்தோல் முழுசாக இருக்க, உள்ளே அறுந்திருந்தது. மேஜை ஒரு மூலைக்குப் போகும்போது மட்டும் ஒயர் இழுபட்டு விட்டுவிட்டுத் தொட்டிருக்கிறது. ஒயரைக் கையில் மடக்கிப் பார்த்துத் தனியாகவே வாய்விட்டுச் சிரித்தாள். இதைச் சொன்னால் அவர் என்ன திட்டுத் திட்டுவார், எப்படிச் சிரிப்பார் என்று அந்த நிமிடமே காதில் கேட்டது. அறுந்த துண்டைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

அவர் கூடத்தில் உட்கார்ந்து செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். சத்தம் கேட்டுத் திரும்பினார். அவள் பைக்குள் கையை விட்டாள். ஒயர் விரலில் பட்டது.

"சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள்.

"ஆச்சு."

அவள் பையை ஆணியில் மாட்டிவிட்டு, கை கழுவப் போனாள்.